கைப்பிடி காட்டுவதும் எஞ்சினுக்குக் கிடைப்பதும்: சிறிய விமானங்களில் புறப்பாட்டுக்கு முந்தைய எரிபொருள் சோதனை

2025 ஜூன் 12 அன்று அகமதாபாத்தில் ஏர் இந்தியா 171 விழுந்து நொறுங்கியது. விமானத்தில் இருந்தவர்களும் தரையில் இருந்தவர்களுமாக 260 பேர் இறந்தார்கள். ஒரு மாதம் கழித்து விமான விபத்துப் புலனாய்வுப் பிரிவின் முதற்கட்ட அறிக்கை வந்தது. மேலெழும்பிய சில விநாடிகளில் இரண்டு எஞ்சின்களின் எரிபொருள் சுவிட்சுகளும் ஒரு விநாடி இடைவெளியில் ‘ரன்’ நிலையிலிருந்து ‘கட்-ஆஃப்’ நிலைக்கு மாறியதாகவும், சுமார் 10 விநாடிக்குப் பின் மீண்டும் ‘ரன்’ நிலைக்கு வந்ததாகவும் அது பதிவு செய்தது. எப்படி மாறின என்பதற்கு அந்த அறிக்கை தீர்ப்புச் சொல்லவில்லை. எனினும் எரிபொருள் வழி அடைபட்டால் எவ்வளவு பெரிய விமானமும் சில விநாடிகளில் சக்தி இழந்துவிடும் என்பது அன்று ஊரெங்கும் பேச்சானது.

இதே ஆபத்து இரண்டு, நான்கு இருக்கைகள் கொண்ட சிறிய விமானங்களை அவை பிறந்த காலத்திலிருந்தே தொடர்ந்து வருகிறது. அதைப் பற்றித் தமிழில் நாம் அதிகம் பேசியதில்லை. இப்போது பேசவேண்டிய தேவை வந்துவிட்டது. 2023ஆம் ஆண்டில் இந்தியாவில் 1,622 பேருக்கு வணிக விமானி உரிமம் கிடைத்தது. அந்த உரிமத்துக்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதில் பெரும்பகுதி சிறிய விமானங்களில்தான். சேலம் காமலாபுரத்தில் இன்று பயிற்சி விமானங்கள் எழும்பி இறங்குகின்றன. திருவண்ணாமலைக்கு விமான நிலையம் இல்லை; ஆனால் சேலத்துக்கும் வேலூர் அப்துல்லாபுரத்துக்கும் நேர்க்கோடு இழுத்தால் அது ஜவ்வாது மலையை ஒட்டித்தான் போகும். பௌர்ணமி இரவில் லட்சக்கணக்கானோர் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் நடக்கும் ஊர் திருவண்ணாமலை. மேலே பறக்கும் எஞ்சினுக்கு எரிபொருள் ஒழுங்காகப் போகிறதா என்ற கேள்வியில் கீழே இருக்கிறவர்களுக்கும் பங்கு உண்டு. 2025 நவம்பரில் சேலத்திலிருந்து புறப்பட்ட ஒரு பயிற்சி விமானம் கீரனூர் அருகே திருச்சி–புதுக்கோட்டை நெடுஞ்சாலையில் அவசரமாக இறங்கியது. அதற்குக் காரணம் எரிபொருள் என்று சொல்ல வரவில்லை. நடுவானில் சக்தி போனால் சாலையும் வயலும் ஏரிப்படுகையும்தான் ஓடுபாதை என்பதை அந்தக் காட்சி நம் கண்முன் நிறுத்தியது.

இந்தக் கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி இது: புறப்படுவதற்கு முன் எரிபொருள் வழி திறந்திருக்கிறது, போதுமான அளவு ஓடுகிறது என்று ஒரு விமானி எப்போது உறுதியாகச் சொல்லலாம்? பல விமானப் பயிற்சிப் பள்ளிகளும் கையேடுகளும் இதற்கு வெவ்வேறு விடை தருகின்றன. அவற்றை ஒப்பிட்டுப் பார்த்தால், எரிபொருள் எந்தத் தொட்டியிலிருந்து வரவேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் செலக்டர் கைப்பிடி எந்தப் பக்கம் இருக்கிறது என்பது பாதி விடைதான் என்று புரிகிறது. மீதிப் பாதி, அந்த நிலையில் எஞ்சின் எவ்வளவு எரிபொருளைக் குடித்திருக்கிறது என்பது.

தொட்டியிலிருந்து எஞ்சின் வரை

சிறிய விமானங்களின் எரிபொருள் அமைப்பை இரண்டு குடும்பமாகப் பிரிக்கலாம். செஸ்னா 172 போன்றவற்றுக்கு இறக்கை மேலே, தொட்டி இறக்கைக்குள். எரிபொருள் தன் எடையாலேயே கீழே இறங்கும். செலக்டரில் ‘இடது’, ‘வலது’, ‘இரண்டும்’ என்ற நிலைகள் உண்டு. புறப்பாடும் இறக்கமும் ‘இரண்டும்’ நிலையில்தான் என்று பலகையிலேயே எழுதியிருக்கும். பழைய மாடல்களில் அதே செலக்டரில் ‘ஆஃப்’ நிலையும் இருந்தது. புதிய 172-களில் அடைப்பு வால்வுக்குத் தனிக் குமிழ் வந்துவிட்டது. செஸ்னா 152-இல் தொட்டியைத் தேர்ந்தெடுக்கும் வேலையே இல்லை. திறப்பு, அடைப்பு மட்டும்தான்.

பைப்பர் செரோக்கி போன்றவற்றுக்கு இறக்கை கீழே. பம்பு உறிஞ்சித்தான் எரிபொருள் மேலேற வேண்டும். இரண்டு தொட்டிகளையும் சேர்த்துத் திறந்தால், ஒன்று காலியாகும்போது பம்பு காற்றை உறிஞ்சிவிடும். அதனால் ‘இரண்டும்’ என்ற நிலை கிடையாது. விமானி குறித்த நேரத்துக்கு ஒருமுறை தொட்டியை மாற்றிக்கொண்டே போகவேண்டும். செலக்டர் அவருடைய இடது முழங்காலுக்கு அருகே பக்கச் சுவரில் இருக்கும். கவனக்குறைவாக ‘ஆஃப்’ நிலைக்குப் போய்விடாதபடி பின்னாளைய மாடல்களில் ஒரு தடுப்புப் பொத்தானும் வந்தது.

ஒரே பள்ளியில் இரண்டு குடும்ப விமானங்களும் நிற்பதுண்டு. காலையில் செஸ்னாவிலும் மாலையில் வேறொன்றிலும் பறக்கும் மாணவரின் கை, முந்தைய விமானத்தின் பழக்கத்தைச் சுமந்துகொண்டே வரும். குழப்பத்தின் முதல் வேர் இது.

தரையில் ஏன் தெரிவதில்லை?

பழைய மோட்டார் சைக்கிள் ஓட்டியவர்களுக்கு இது உடனே புரியும். பெட்ரோல் டேப் மூடியிருந்தாலும் உதைத்ததும் வண்டி கிளம்பும், தெருமுனை வரை போகும், அங்கே நிற்கும். கார்புரேட்டர் கிண்ணத்திலும் குழாயிலும் தேங்கிய பெட்ரோல்தான் அதுவரை ஓட்டியது. விமானத்திலும் அதேதான் நடக்கிறது. நிற்கும் இடம்தான் வேறு.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 180 குதிரைத்திறன் கொண்ட எஞ்சின் முழு சக்தியில் மணிக்குச் சுமார் 60 லிட்டர், அதாவது நிமிடத்துக்கு ஒரு லிட்டர் குடிக்கும். மெதுவாகச் சுழலும்போது மணிக்கு ஏறத்தாழ 5 லிட்டர் போதும். ரன்-அப் எனப்படும் எஞ்சின் சோதனையின்போது 20 லிட்டர் அளவில் என்று வைத்துக்கொள்வோம். வால்வுக்கு அடுத்து எஞ்சின் வரையுள்ள குழாயிலும் வடிகட்டியிலும் கிண்ணத்திலும் அரை லிட்டர் இருப்பதாகக் கொள்வோம். வால்வு மூடியிருந்தால் அந்த அரை லிட்டர் மெதுவான சுழற்சியில் 6 நிமிடம் தாங்கும். ரன்-அப் வேகத்தில் ஒன்றரை நிமிடம். முழு சக்தியில் அரை நிமிடம்.

ஓடுபாதையில் 172 தரையை விட்டுக் கிளம்ப ஏறக்குறைய 20 விநாடி ஆகும். அரை நிமிடத்தில் அது நூறு அடி உயரத்தில் இருக்கும். முன்னால் மிச்ச ஓடுபாதை குறைவு. திரும்பி வர உயரம் கிடையாது. செலக்டரைத் திருப்பி, பம்பைப் போட்டு, எஞ்சினுக்கு மீண்டும் உயிர் வரும்வரை காத்திருக்க நேரமும் இல்லை. தரையில் நகர்ந்தபோது கொஞ்சம் செலவாகியிருந்தால் எஞ்சின் ஓடுபாதையிலேயே நிற்கும். விமானியின் அதிர்ஷ்டம் அது. மற்றபடி, எஞ்சின் நிற்கக்கூடிய இடங்களிலேயே மோசமான இடத்தைத்தான் இந்தக் கணக்கு தேர்ந்தெடுக்கிறது.

வால்வு முழுக்க மூடியிருக்கவும் வேண்டியதில்லை. கைப்பிடி இரண்டு நிலைகளுக்கு நடுவில், பள்ளத்தில் உட்காராமல் நின்றிருந்தாலே போதும். மெதுவான சுழற்சிக்குத் தேவையான சிறு ஓட்டம் அந்த இடுக்கில் கிடைத்துவிடும். முழு சக்திக்குத் தேவையான ஓட்டம் கிடைக்காது. தரையில் எஞ்சின் ஒழுங்காக ஓடியதே எல்லாம் சரி என்ற எண்ணத்தை உண்டாக்கிவிடும்.

இந்த இடைவெளியை விதிகள் அறிந்தே எழுதப்பட்டன. அமெரிக்கச் சிறுவிமானத் தகுதி விதிகள் நெடுங்காலமாக, எடையால் இறங்கும் அமைப்பு புறப்பாட்டுத் தேவையில் 150 சதவீதமும், பம்பு அமைப்பு 125 சதவீதமும் தர வேண்டும் என்று கேட்டன. வீட்டில் விமானம் கட்டுகிறவர்களுக்கான சோதனைக் கையேடு, மூக்கை ஏறுகோணத்தைவிட 5 டிகிரி கூடுதலாகத் தூக்கி நிறுத்தி எரிபொருளை அளந்து பார்க்கச் சொல்கிறது. சமதரையில் தாராளமாக ஓடுவது ஏறும்போது ஓடாமல் போகலாம் என்பதே காரணம். ஆனால் இதெல்லாம் தொழிற்சாலையிலும் பட்டறையிலும் நடக்கும் சோதனை. அன்றாடம் பறப்பவர் கையில் இருப்பது செலக்டரும் கடிகாரமும் காதும்தான்.

விபத்துகள் சொல்லும் பாடம்

அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2017இல் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. 2011 முதல் 2015 வரை எரிபொருள் மேலாண்மைக் கோளாறால் ஆண்டுக்குச் சராசரியாக 50-க்கும் மேற்பட்ட விபத்துகள். அவற்றில் 56 சதவீதம் எரிபொருள் அறவே தீர்ந்தவை. 35 சதவீதத்தில் விமானத்தில் எரிபொருள் இருந்தது. எஞ்சினுக்குப் போய்ச் சேரவில்லை. இன்னொரு தகவல் எண்ணிப் பார்க்கத் தக்கது: சம்பந்தப்பட்ட விமானிகளில் பாதிக்கு அருகில் வணிக உரிமமோ அதற்கும் மேலானதோ வைத்திருந்தவர்கள். மாணவர்கள் 2 சதவீதம் மட்டுமே. கற்றுக்கொள்பவர் பயந்து பயந்து பார்க்கிறார். கற்று முடித்தவரின் கைதான் பார்க்காமல் கடந்துபோகிறது.

1997 அக்டோபர் 12 அன்று பாடகர் ஜான் டென்வர் கலிபோர்னியாவின் மான்டரே விரிகுடாவில் விழுந்து இறந்தார். அவர் ஓட்டியது வீட்டில் கட்டப்பட்ட லாங்-ஈஸி விமானம். கட்டியவர் செலக்டரை வழக்கமான இடத்தை விட்டு, விமானியின் இடது தோளுக்குப் பின்னால் வைத்திருந்தார். கைப்பிடியில் எந்த நிலை எந்தத் தொட்டி என்ற குறி இல்லை. புறப்படும் முன் கைப்பிடியின் நீளத்தைக் கூட்ட இடுக்கிக்குறடு மாட்டிப் பார்த்தார்கள், பயன்படவில்லை. அளவுக் கண்ணாடியைப் பார்க்கப் பராமரிப்பாளர் ஒரு சிறு முகக்கண்ணாடி கொடுத்தார். எரிபொருள் நிரப்பிக்கொள்ளலாம் என்ற யோசனையை டென்வர் ஏற்கவில்லை. வானில் திரும்பி அந்தக் கைப்பிடியை எட்டும் முயற்சியில் கால் வலது ரடர் மிதியை அழுத்தி விமானம் கட்டுப்பாடு இழந்திருக்கும் என்று புலனாய்வு முடிவு செய்தது. எட்டாத இடம், குறியற்ற கைப்பிடி, நிரப்பாத தொட்டி, புது விமானத்தில் போதாத பயிற்சி என நான்கும் சேர்ந்தே அந்த உயிரை வாங்கின.

2013 நவம்பர் 29 இரவு ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் காவல்துறை ஹெலிகாப்டர் ஒன்று மதுக்கூடத்தின் கூரை மேல் விழுந்து 10 பேர் இறந்தார்கள். முதன்மைத் தொட்டியில் 70 கிலோவுக்கும் மேல் எரிபொருள் மிச்சம். அதை எஞ்சின்களுக்கு ஊட்டும் சிறு தொட்டிகளுக்குக் கடத்தும் பம்புகளின் சுவிட்சுகள் அணைந்திருந்தன. 1987 ஜூனில் லாஸ் ஏஞ்சலிசில் கிளம்பிய டெல்டா நிறுவனத்தின் போயிங் 767-இல் வேறொன்றைத் தொடப்போன கை இரண்டு எஞ்சின்களின் எரிபொருளையும் நிறுத்திவிட்டது. கடல் மேல் 600 அடி உயரத்தில் எஞ்சின்கள் மீண்டன. விமானம் எவ்வளவு பெரியதானாலும் பாடம் ஒன்றே: தொட்டியில் இருப்பது வேறு, எஞ்சினில் எரிவது வேறு.

மூன்று வழிமுறைகள்

‘ஆஃப்’ நிலையும் தொட்டித் தேர்வும் உள்ள விமானங்களில் சோதனையை எப்போது, எப்படிச் செய்வது என்பதில் மூன்று மரபுகள் இருக்கின்றன.

முதல் மரபு: கிளப்புவதற்கு முன்பே நிறைந்த தொட்டிக்குத் திருப்பு; மேலே பாதுகாப்பான உயரம் எட்டும்வரை தொடாதே. இதன் பலம் எளிமை. கிளப்புதல், நகர்தல், ரன்-அப் என எல்லாவற்றுக்கும் ஒரே தொட்டி. அதன் ஓட்டம் தானாகவே நிரூபணமாகிவிடும். பலவீனம், மறு தொட்டி சோதிக்கப்படாமலேயே மேலே போகிறது. அதன் குழாயில் நீரோ அடைப்போ இருந்தால் அரை மணி கழித்து வானில்தான் தெரியும். அப்போது உயரமாவது கையில் இருக்கும்.

இரண்டாவது மரபு: ஒரு தொட்டியில் கிளப்பி நகர்ந்து, வழியில் மறு தொட்டிக்கு மாற்றி, அதிலேயே ரன்-அப் செய்து, அதிலேயே புறப்படு. இரண்டு தொட்டிகளும் தரையிலேயே நிரூபணமாகின்றன. இது சிறந்த முறை, ஒரு நிபந்தனையோடு. மாற்றிய பிறகு குழாயில் தேங்கிய பழைய எரிபொருள் முழுதும் செலவாகும் அளவுக்கு எஞ்சின் ஓடியிருக்க வேண்டும். ஓடுபாதை அருகிலேயே இருக்கும் சிறு தளத்தில் அவசரமாக முப்பது விநாடி ரன்-அப் செய்து கிளம்பினால், நிரூபிக்கப்படாத தொட்டியில்தான் மேலே போகிறோம்.

மூன்றாவது மரபு என்று சொல்லத் தயக்கமாக இருக்கிறது. ஆனால் அது நடக்கிறது. ஓடுபாதை முனையில் செக்லிஸ்ட் படிக்கும்போது ‘செலக்டர்: நிறைந்த தொட்டி’ என்ற வரி வருகிறது. அப்போதுதான் மற்றது நிறைந்திருப்பது நினைவுக்கு வருகிறது. திருப்பிவிட்டு உடனே எஞ்சின் சக்தியைக் கூட்டும் த்ராட்டிலைத் தள்ளுகிறார்கள். காகிதத்தில் வரி நிறைவேறியது. முன்பு சொன்ன அரை நிமிடக் கணக்கு அந்த நொடியில் ஓடத் தொடங்குகிறது. இது அறவே கைவிடவேண்டிய பழக்கம். முனையில் மாற்றியே ஆகவேண்டுமென்றால் ரன்-அப்பை மறுபடி முழுமையாகச் செய்யவேண்டும்.

செஸ்னாவின் ‘இரண்டும்’ நிலை இந்தச் சிக்கலைக் குறைக்கிறது, நீக்கிவிடவில்லை. சாய்வான தரையில் நிறுத்தும்போதும் நிரப்பும்போதும் ஒரு தொட்டியிலிருந்து மற்றதுக்கு வழியாமல் இருக்க ‘இடது’ அல்லது ‘வலது’ நிலையில் வைக்கச் சொல்வார்கள். மறுநாள் காலை வருபவர் அதை ‘இரண்டும்’ என்றே நம்பி ஏறினால் அங்கேயே தவறு தொடங்குகிறது.

செலக்டர் சோதனையில் சிக்காதவை

கைப்பிடி சரியாக இருந்தும் எரிபொருள் வராமல் போக வேறு வழிகள் உண்டு. நம் தட்பவெப்பம் அவற்றுக்கு உதவியும் செய்கிறது. அரைகுறையாக நிரம்பிய தொட்டியில் ஈரக்காற்று இரவில் குளிர்ந்து நீராகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மூடியின் ரப்பர் தேய்ந்திருந்தால் மழைநீரே இறங்கும். நீர் அடியில் தங்கும் என்பதால் ஒவ்வொரு பறப்புக்கும் முன் வடிகால்களில் மாதிரி எடுக்கவேண்டும். புதிய செஸ்னா 172-இல் அவை மொத்தம் 13. பிஸ்டன் எஞ்சின்களுக்கான ஏவ்காஸ் 100 எல்.எல். எரிபொருள் நீல நிறம்; குப்பியில் எடுத்தது முழுவதும் நிறமற்றிருந்தால் அது சுத்தமான எரிபொருள் அல்ல, முழுக்க நீராக இருக்கலாம்.

தொட்டிக்குள் எரிபொருள் குறையக் குறையக் காற்று உள்ளே வரவேண்டும். அதற்கான மெல்லிய குழாயில் குளவி மண்கூடு கட்டிவிட்டால், தொட்டிக்குள் வெற்றிடம் உண்டாகி ஓட்டம் மெல்ல நிற்கும். இது ரன்-அப்பில் தெரியாது. வெளியே சுற்றிவரும்போது கண்ணால் பார்த்தால்தான் உண்டு. கத்திரி வெயிலில் நின்ற விமானத்தில் எஞ்சின் அறைக் குழாய்களில் எரிபொருள் ஆவியாகி வழியடைப்பதும் நம் ஊருக்கு நெருக்கமான ஆபத்து.

தவறான எரிபொருளும் அதே கணக்கைப் பின்பற்றுகிறது. 1978இல் சான் டியேகோவில் புகழ்பெற்ற சாகச விமானி பாப் ஹூவரின் பிஸ்டன் எஞ்சின் விமானத்தில் ஜெட் எரிபொருளை நிரப்பிவிட்டார்கள். குழாயில் இருந்த பழைய ஏவ்காஸ் அவரை மேலே கொண்டுபோனது. சுமார் 300 அடியில் இரண்டு எஞ்சின்களும் நின்றன. உயிர் பிழைத்துத் திரும்பிய ஹூவர், நிரப்பிய இளைஞரைத் திட்டவில்லை. மறுநாளும் அவரே தன் விமானத்துக்கு நிரப்ப வேண்டும் என்றார். தவறான துளையில் நுழையாத அகன்ற முனை கொண்ட குழாய் அந்த நிகழ்வுக்குப் பின் அவர் பெயரால் பரவியது. இன்று நம் பயிற்சித் தளங்களில் ஏவ்காஸ் குடிக்கும் செஸ்னாவும், ஜெட் எரிபொருள் குடிக்கும் டீசல் வகை டயமண்ட் விமானமும் ஒரே தளத்தில் நிற்கக்கூடும். நெடுங்காலம் இறக்குமதியையே நம்பியிருந்த ஏவ்காஸ் 100 எல்.எல்-ஐ இந்தியன் ஆயில் 2022இல் உள்நாட்டுத் தயாரிப்பாக அறிமுகப்படுத்தியது. கிடைப்பது எளிதாகும்போது சரிபார்ப்பு தளர்ந்துவிடக் கூடாது.

பொறுப்பு யாருடையது?

விமானி கவனமாக இருக்கவேண்டும் என்று சொல்லி முடித்துக்கொள்வது எளிது. ஆனால் கைக்கு எட்டும் இடத்தில் செலக்டர், நிலைகளில் அழுத்தமான பள்ளம், ‘ஆஃப்’ நிலைக்குத் தடுப்பு, தெளிவான நிறக்குறி ஆகியவை வடிவமைப்பவரின் கடமை. டென்வரின் மரணம் அதற்குச் சான்று. பெங்களூரின் தேசிய விண்வெளி ஆய்வகம் உருவாக்கிய ஹன்சா போன்ற இந்தியப் பயிற்சி விமானங்கள் எண்ணிக்கையில் கூடும்போது, அவற்றின் விமானி அறைக்குள் இந்தக் கைப்பிடி எங்கே, எப்படி அமையும் என்பது மாணவர்களின் உயிரோடு சேர்ந்த கேள்வி.

பள்ளிகளின் கடமை அதற்கு அடுத்தது. செக்லிஸ்ட்டை மனப்பாடமாக ஒப்பிப்பதில் நம் மாணவர்கள் கெட்டிக்காரர்கள். வாய் சொல்லும்போது கை அந்தப் பொருளைத் தொட்டிருக்கிறதா என்பதைத்தான் பயிற்றுநர் பார்க்கவேண்டும். நம் ரயில் எஞ்சின் ஓட்டுநர்கள் சிக்னலைப் பார்த்துக் கையைக் காட்டி உரக்கச் சொல்கிறார்கள். அதே ஒழுக்கம் செலக்டருக்கும் வேண்டும்: தொடு, பள்ளத்தில் உட்கார்ந்ததை உணர், பார், சொல்.

இவற்றோடு ஒவ்வொரு பள்ளியும் செய்யக்கூடிய ஒரு வேலையை முன்மொழிகிறேன். பராமரிப்புப் பொறியாளரின் மேற்பார்வையில், பறந்து முடித்து எஞ்சினை நிறுத்தும் வேளையில், ஒருமுறை மெதுவான சுழற்சியில் வால்வை மூடி, எஞ்சின் எவ்வளவு நேரம் தொடர்ந்து ஓடுகிறது என்று அளக்கட்டும். வால்வு உண்மையிலேயே மூடுகிறதா என்பதும் அதில் தெரியும். வால்வுக்குப் பின்னே எவ்வளவு எரிபொருள் தேங்குகிறது என்பதும் கணக்காகும். அதிலிருந்து அந்த விமானத்துக்குரிய எண் கிடைக்கும்: செலக்டரைக் கடைசியாகத் தொட்ட பிறகு ரன்-அப் வேகத்தில் குறைந்தது இத்தனை நிமிடம் ஓடாமல் ஓடுபாதைக்குள் நுழையக் கூடாது. அந்த எண்ணைச் செக்லிஸ்ட்டில் அச்சிட்டுவிடலாம். இதற்குப் புதுக் கருவி வேண்டாம், செலவும் இல்லை.

அதன் பிறகும் ஒரு சோதனை மீதமிருக்கிறது. ஓடுபாதையில் முழு சக்தி கொடுத்ததும் சுழற்சி எண்ணிக்கையும், கருவி இருந்தால் எரிபொருள் ஓட்டமும் அழுத்தமும், எதிர்பார்த்த அளவுக்கு வந்தனவா என்று முதல் சில விநாடிகளிலேயே பார்க்கவேண்டும். வரவில்லையென்றால் அங்கேயே நிறுத்தவேண்டும். பாதியில் நிறுத்தப்பட்ட புறப்பாட்டைத் தோல்வியாகக் கருதாமல், சோதனை தன் வேலையைச் செய்ததாகப் பாராட்டும் பள்ளியில்தான் மாணவர்கள் தயங்காமல் த்ராட்டிலை இழுப்பார்கள். செலக்டரைச் சரியான நிலைக்குத் திருப்புவதில் சோதனை தொடங்குகிறது. அந்த நிலையில், வால்வுக்குப் பின்னே தேங்கியது அத்தனையும் எரிந்து, தொட்டியிலிருந்து புதிதாக வந்த எரிபொருளில் எஞ்சின் முழு சக்தி தரும்போதுதான் அது முடிகிறது.